கட்டமைந்த ஆவணமும் காட்சித் தொகுப்பியும்

தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகவும், ஒவ்வோர் அதிகாரமும் ஒன்பது இயல்களாகவும் வகுக்கப்பட்ட நூல். ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் அது பெயர்ந்தபோது எழுத்தின் தோற்றம் மாறியது. நூலின் பகுப்பு மாறவில்லை. தோற்றம் வேறு, அமைப்பு வேறு என்னும் இவ்வுண்மையே இக்காலத் தொழில்நுட்ப ஆவணங்களை எழுதும் முறைக்கும் அடிப்படையாகும்.

இயந்திரமொன்றின் பராமரிப்புக் கையேட்டிலே தலைப்பு, எச்சரிக்கை, செய்முறைப் படி, அட்டவணை எனப் பல உறுப்புக்கள் உள. எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் அமைத்தால் மனிதர் அதனை உணர்வர், கணினி உணராது. எச்சரிக்கையெனக் குறியிட்டு வைத்தாலோ, அச்சிலும் திரையிலும் அதனைத் தக்கவாறு காட்டலாம். செய்முறைக்கு முன்னரே அஃது இடம்பெறல் வேண்டுமென விதித்து, அவ்விதி வழுவியவிடத்தைக் கணினி கொண்டே கண்டறியலாம். மின்சாரத்தைத் துண்டிக்குமாறு கூறும் எச்சரிக்கை பிந்தி வருமாயின் ஓர் உயிரே போகக்கூடும்.

இத்தகைய குறிமொழியொன்றை 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்திலே கோல்ட்பார்ப், மோஷர், லோறி என்னும் மூவர் உருவாக்கத் தொடங்கினர். அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் அனைத்துலக நியமமாயிற்று. அதனை எளிமையாக்கிய எக்ஸ்.எம்.எல். 1998இல் வெளிவந்தது. டொக்புக், டிட்டா முதலிய ஆவண அமைப்புக்கள் இன்று அதனைத் தழுவியே வழங்குகின்றன.

எனினும், குறிகளிடையே சொற்களை எழுதுதல் பலர்க்கு இடர்ப்பாடானது. ஆதலின் குறிகளை மறைத்து, பக்கத்தைக் கண்ணுக்கினிதாகக் காட்டும் காட்சித் தொகுப்பிகள் தோன்றின. ஒக்சிஜன், எக்ஸ்.எம்.எல்.மைண்ட், அடோபி பிரேம்மேக்கர் என்பன அவற்றுட் சில. இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வோர் நோக்கவேண்டியவை நான்கு.

முதலாவது, அமைப்பு விதியைத் தொகுப்பி காக்கின்றதா என்பது. எழுதுமிடத்தில் எவ்வுறுப்பு வரலாமோ அதனையே முன்வைப்பது சிறந்த தொகுப்பி. எழுத்தின் பருமனையும் நிறத்தையும் மட்டும் மாற்றவிடுவது இத்தொழிலுக்கு உதவாது.

இரண்டாவது, கோப்பு எவ்வடிவிற் சேமிக்கப்படுகின்றது என்பது. பிரேம்மேக்கர் தனக்குரிய வடிவிலும் எக்ஸ்.எம்.எல். வடிவிலும் சேமிக்கவல்லது. முன்னதை மட்டும் கைக்கொண்டோர் அம்மென்பொருளையே சார்ந்திருத்தல் நேரும். பின்னதை வேறு தொகுப்பிகளும் திறக்கும்.

மூன்றாவது, எழுதும் மொழிக்கு அஃது ஏற்றதா என்பது. 'கொ' என்னும் எழுத்தில் மெய்யின் இருபுறமும் உயிர்க்குறி நிற்கும். தமிழில் எழுதுவோர், இத்தகைய எழுத்துக்கள் திரையிலும் அச்சிலும் சிதையாது வருகின்றனவா எனச் சோதித்தல் வேண்டும்.

நான்காவது, எழுதுவோரின் பயிற்சி. விளம்பரத்தை நம்பாது, உண்மைக் கையேட்டின் ஓர் அத்தியாயத்தை, நாள்தோறும் எழுதவிருப்போரைக் கொண்டே எழுதுவித்துப் பார்த்தல் தக்கது.

இந்நான்கனுள்ளும் இரண்டாவதே தலையாயது. பயிற்சிக் குறையைக் காலம் போக்கும்; பிறிதொரு கருவி திறக்கவியலாத கோப்பினுள் அடைபட்ட ஆவணத்தை மீட்டல் அரிது. கருவியினும் நெடிது வாழவேண்டியது ஆவணமே என்பதை மனத்திருத்தித் தெரிவு செய்வதே அறிவுடைமையாகும்.