வொய்லியும் நிலத்தடிப் பூஞ்சையும்

வொய்லி என்பது ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் காடுகளில் வாழும் சிறிய வயிற்றுப்பைப் பாலூட்டி ஆகும். இது 1 முதல் 1.5 கிலோகிராம் வரை எடையுடையது. கங்காருவின் தொலைவு உறவான இது எலிக் கங்காரு எனவும் அழைக்கப்படுவதுண்டு. ஆயினும் எலிகளுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. பகலில் புல்லாலும் மரப்பட்டையாலும் அமைத்த கூட்டில் உறங்கி, இரவில் மண்ணைத் தோண்டி உணவு தேடுகின்றது. அவ்வுணவில் பெரும்பகுதி நிலத்தடிப் பூஞ்சைகளே.

ஒப்பீடு

பூஞ்சை ஒரு தாவரம் என்று எண்ணுவது பொதுவான தவறு. பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. விலங்குகளைப் போலவே பிற உயிர்களிடமிருந்தே உணவைப் பெறுகின்றது. படிமலர்ச்சி வரலாற்றிலும் பூஞ்சைகள் தாவரங்களை விட விலங்குகளுக்கே நெருக்கமானவை. வொய்லி உணவை விழுங்கிச் செரிக்கின்றது. இக்காடுகளின் மெசோபெல்லியா போன்ற பூஞ்சைகளோ யூக்கலிப்டஸ் வேர்களைத் தம் நுண்ணிழைகளால் போர்த்தி, மரத்திடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. கைம்மாறாக நீரையும் பாஸ்பரசு முதலிய கனிமங்களையும் வேருக்கு அளிக்கின்றன.

பூஞ்சையின் செல்சுவரில் பூச்சிகளின் ஓட்டிலும் உள்ள கைட்டின் காணப்படுகின்றது. இத்தகைய உணவை வொய்லியின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கின்றன.

வித்துப் பரவல்

சாதாரணக் காளான் குடை விரித்துத் தன் நுண்வித்துகளைக் காற்றில் விடும். மெசோபெல்லியாவின் கனியுடலோ கடின ஓட்டுடன் மண்ணுக்குள்ளேயே முதிர்கின்றது. காற்று அதனை எட்டாது. ஆகவே மணத்தால் விலங்கை ஈர்க்கின்றது. விழுங்கப்பட்ட வித்துகள் உயிருடன் எச்சத்தில் வெளியேறி வேறிடங்களைச் சேர்கின்றன. ஒரு வொய்லி ஓராண்டில் ஏறத்தாழ 5 டன் மண்ணைப் புரட்டுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இக்குழிகள் வழியே மழைநீர் மண்ணில் இறங்குகின்றது.

வீழ்ச்சி

ஒரு காலத்தில் ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் வாழ்ந்த வொய்லி, ஐரோப்பியர் கொண்டுவந்த நரி, பூனை ஆகியவற்றாலும் நிலம் திருத்தப்பட்டதாலும் அருகியது. நரிக் கட்டுப்பாட்டினால் மீண்டு, 1996 இல் அச்சுறுத்தல் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. ஆனால் 1999 க்கும் 2006 க்கும் இடையில் அதன் எண்ணிக்கை சுமார் 90 விழுக்காடு வீழ்ந்தது. பூனைகளும் நரிகளும் வேட்டையாடியதும், ஒட்டுண்ணி நோயும் காரணங்களாக ஆராயப்பட்டன. வொய்லி மறைந்த காட்டில் பூஞ்சை உடனே அழிவதில்லை. எனினும் அதன் வித்துகளைத் தொலைவுக்குச் சுமந்து செல்லும் முக்கிய விலங்கொன்று அங்கு இல்லாமற் போகின்றது.

2021 இல் தென் ஆஸ்திரேலியாவின் யோர்க் தீபகற்பத்தில் வொய்லிகள் மீண்டும் விடப்பட்டன. அவை மண்ணைக் கிளறிக் காட்டைச் சீராக்கும் என்பதும் அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்றாகும்.