பழகிப்போனது உடம்பல்ல, கிருமி!

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்ற தலைப்பில் எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவன் நான். அப்போது நோயைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. சென்ற ஆண்டு எங்க அப்பா 31 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "ரோபோவைப் பற்றி எழுதுடா" என்றார்கள் நண்பர்கள். ரோபோவைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இதை நான்தான் எழுதவேண்டும்.

அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். லாரியிலிருந்து தவறி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம். விடிந்ததும் என்னைப் பார்த்து, "யாருப்பா நீ?" என்று கேட்டார். மூச்சு மேலும் கீழும் வாங்கியது. சிறுநீர்ப் பையில் அளவு ஏறவே இல்லை. உடனே ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள்.

"செப்சிஸ் தம்பி. ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு பிடிச்ச கிருமி" என்றார் டாக்டர். கால் உடைந்து வந்தவருக்கு, வைத்தியம் செய்யும் இடத்திலேயே வியாதி வருமா? எனக்குப் புரியவில்லை.

செப்சிஸ் என்றால் என்ன?

கிருமி உடம்பில் புகுந்தால் உடம்பு அதை எதிர்த்துப் போராடும். அந்தப் போராட்டம் கட்டுமீறிப் போய், உடம்பின் சொந்த உறுப்புகளையே கெடுக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ். ரத்த அழுத்தம் விழும். கிட்னி, நுரையீரல், மூளை என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிட்டுப் போதல், வேகமான மூச்சு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் உயிர் போன்றது. 2017-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்ததாகவும், அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்ததாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரம் கழித்து, வரும்போது இல்லாத ஒரு தொற்று வந்தால் அதை ஆஸ்பத்திரித் தொற்று என்பார்கள். கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்றவை இதில் பேர் போன கிருமிகள்.

ஆர் என்ற எழுத்து

எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் என் கைக்கே வரும். மூன்றாம் நாள் லேபிலிருந்து கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிளெப்சியெல்லா என்று கிருமியின் பெயர். கீழே வரிசையாக 14 மருந்துகள். பக்கத்தில் ஒவ்வோர் எழுத்து. பன்னிரண்டு மருந்துகளுக்கு நேரே ஆர், ஆர், ஆர் என்று இருந்தது. நான் ஏதோ ஃபர்ஸ்ட் கிளாஸ் மார்க் ஷீட் போல அம்மாவிடம் காட்டி, "நிறைய மருந்து இருக்கும்மா, பயப்படாதே" என்றேன்.

டாக்டர்தான் விளக்கினார். "ஆர்-னா ரெசிஸ்டன்ட். அந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாது." மீதியிருந்த இரண்டை வைத்துத்தான் வைத்தியம். அதில் ஒன்று கொலிஸ்டின் என்ற பழைய ஊசி மருந்து. கிட்னியைக் கெடுக்கும் என்பதற்காக முன்பு டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருந்த மருந்து அது. வேறு வழியில்லாமல் திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "அவரு உடம்பு மருந்துக்குப் பழகிப் போச்சு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. பழகிப்போனது அப்பாவின் உடம்பல்ல, கிருமி! இதே கிருமி ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத பச்சைக் குழந்தைக்கு வந்தாலும் அந்த 12 மருந்தும் கேட்காது.

கிருமியின் ஒர்க்‌ஷாப்

கிருமி எப்படித் தப்பிக்கிறது என்பதை நம் பாஷையில் சொல்கிறேன்.

ஒன்று: சில கிருமிகள் மருந்தையே வெட்டிப் போடும் கட்டரை வைத்திருக்கின்றன. பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி பென்சிலின் வகை மருந்துகளின் வளையத்தை அறுத்துவிடும். இரண்டு: உள்ளே வந்த மருந்தைப் பம்ப் போட்டு வெளியே இறைத்துவிடும். மூன்று: மருந்து நுழையும் வாசலை கேட் வால்வு போல மூடிக்கொள்ளும். நான்கு: மருந்து போய்ப் பிடிக்கவேண்டிய இடத்தையே மாற்றிக்கொள்ளும். நட்டின் அளவை மாற்றிவிட்டால் பழைய ஸ்பேனர் பிடிக்குமா?

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. ரெக்கார்டு நோட்டை ஒருவன் எழுத, மொத்த ஹாஸ்டலும் காப்பி அடிப்பது நமக்குத் தெரியாததா! கிருமிகளும் அப்படியே. பிளாஸ்மிட் என்ற சிறிய மரபணு வளையத்தில் அந்த வித்தையைக் காப்பி எடுத்துப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். வேறு டிபார்ட்மெண்டுக்கும், அதாவது வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும்.

அப்படிப் பரவிய மரபணுக்களில் பிரபலமானது என்.டி.எம்.-1. டில்லி ஆஸ்பத்திரி ஒன்றில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-இல் முதலில் கண்டறியப்பட்டதால், புதுடில்லியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2010-இல் வெளியான ஆய்வில் சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. அந்த ஆய்வறிக்கையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி ஆயுதமாக வைத்திருந்த மெரோபெனம் வகை மருந்துகளையே வெட்டும் கட்டர் இது.

இத்தகைய கிருமிகளே நேரடிக் காரணமாக 2019-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்கிறது ஒரு கணக்கு.

பையைத் தூக்கி வைத்த கை

ஆஸ்பத்திரியில் ஏன் இவை அதிகம்? அங்கே ஆன்டிபயாடிக் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சாகிற கிருமி செத்துப்போக, அடங்காதது மட்டும் மிஞ்சும். நோயாளியின் எதிர்ப்புச் சக்தியோ குறைவு. போதாததற்கு உடம்புக்குள் குழாய்கள். சிறுநீர்க் குழாய், ரத்தக் குழாயில் ஊசி, மூச்சுக் குழாய் எல்லாம் கிருமி உள்ளே போகும் பாதைகள். தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பது போலக் குழாயின் சுவரில் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் வேலை செய்யாது.

அப்பாவின் சிறுநீரிலும் ரத்தத்திலும் ஒரே கிருமிதான் வளர்ந்தது. அப்போதுதான் ஒன்று என் நினைவுக்கு வந்தது. எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோகும்போது, தரையில் இழுபடக்கூடாதே என்று சிறுநீர்ப் பையைத் தூக்கி அப்பாவின் வயிற்றின் மேல் வைத்தவன் நான். சிஸ்டர் பார்த்துவிட்டு, "தம்பி, பை எப்பவும் இடுப்புக்குக் கீழே இருக்கணும். மேலே வெச்சா சிறுநீர் திரும்ப உள்ளே போயிடும்" என்று சத்தம் போட்டார். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும் என்று ஹைட்ராலிக்ஸில் 82 மார்க் வாங்கியவன் நான்!

அதனால்தான் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "அதாலயும் இருக்கலாம், எங்க கையாலயும் இருக்கலாம். இதுதான்னு சொல்ல முடியாது" என்றார். அந்த வார்டின் குழாயடியில் பல நாள் சோப்பு இருந்ததில்லை. ராத்திரியில் நாற்பது நோயாளிக்கு இரண்டே சிஸ்டர்கள். பார்க்க வந்த நாங்களும் கை கழுவாமல் கட்டிலில்தான் உட்கார்ந்தோம்.

கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1847-லேயே காட்டியவர் செம்மல்வைஸ். வியன்னா ஆஸ்பத்திரியின் ஒரு பிரசவப் பிரிவில் அந்த ஏப்ரல் மாதம் நூற்றுக்கு 18 தாய்மார்கள் ஜன்னி கண்டு இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்ப்பதைக் கண்டு, குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவவைத்தார். ஜூன் மாதம் இறப்பு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது. மருந்து எதுவும் புதிதாக வரவில்லை. கை கழுவியதுதான் புதிது!

மெடிக்கல் ஷாப் படியில்

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஜலதோஷம், இருமல் என்றால் சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு மருந்து வாங்கப் போவது நான்தான். "அண்ணே, காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்பேன். கலர் கலராக நான்கு மாத்திரை. அதில் ஓர் ஆன்டிபயாடிக் இருக்கும். ஒரு நாள் கூலியை இழந்து டாக்டரைப் பார்க்கப் போகமுடியாது என்பது அப்பாவின் கணக்கு. அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் ஜலதோஷம் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும். நெல்லைப் பிடுங்கிவிட்டால் களைக்குத்தானே கொண்டாட்டம்? பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைச் சாப்பிட்டால் கிருமி எதிர்ப்பைப் பெற்றுவிடும் என்று எச்சரித்தார்.

நாம் என்ன செய்யலாம்?

1. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாது. 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகளின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது சட்டம்.

2. டாக்டர் எழுதியதை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடவேண்டும். மிச்ச மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது.

3. நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பு போட்டு 40 விநாடியாவது கை கழுவவேண்டும். கட்டிலில் உட்காரவேண்டாம்.

4. "இந்த டியூப் இன்னும் தேவையா?" என்று தினமும் பணிவாகக் கேட்கலாம். தேவையில்லாத குழாயை எடுத்துவிட்டால் ஒரு வாசல் மூடியது போல.

5. நடுக்கம், குழப்பம், மூச்சுத் திணறல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே சொல்லவேண்டும்.

அப்பா பிழைத்துவிட்டார். மூட்டை தூக்க முடியாததால் இப்போது அதே மண்டியில் வாட்ச்மேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்கும் அதே மாதிரிதான் வந்தது. அவர் பிழைக்கவில்லை. அவருடைய மகனுக்கு என் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டான். அதிலும் ஆர், ஆர் என்றுதான் இருந்தது. நான், "டாக்டர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நண்பர்களே, இதை வீட்டில் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.