தோற்காதவரை எப்படி அளப்பது?

2022 ஆகஸ்ட் 6. செங்கல்பட்டு மாவட்டம், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி. 44-வது செஸ் ஒலிம்பியாட்டின் எட்டாம் சுற்று. ஒரு பக்கம் அமெரிக்கா. போட்டியின் முதல்நிலை அணி. அன்று ஆடிய நால்வரின் சராசரி ரேட்டிங் 2771. எதிரே இந்தியாவின் இரண்டாம் அணி. நால்வரில் ஒருவருக்கும் இருபது வயது ஆகவில்லை, சராசரி 2649. கணக்குப்படி நான்கு புள்ளிகளில் இந்தப் பையன்களுக்குக் கிடைக்க வேண்டியது சுமார் 1.3. கிடைத்தது 3. குகேஷ் கருவானாவை வென்றார், ரௌனக் சாத்வானி டொமிங்கெஸை வென்றார், பிரக்ஞானந்தாவும் நிஹால் சரினும் டிரா செய்தார்கள்.

கணக்கு பொய்த்துவிட்டது என்று அன்று பலர் சொன்னார்கள். பொய்க்கவில்லை. குகேஷுக்கு 2684, கருவானாவுக்கு 2783. இந்த 99 புள்ளி இடைவெளிக்கு ரேட்டிங் சூத்திரம் குகேஷுக்குத் தரும் பங்கு 0.36. வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று வைத்து, இதே இருவர் நூறு முறை மோதினால் குகேஷ் ஏறக்குறைய 36 புள்ளி சேர்ப்பார் என்பதுதான் அதன் பொருள். இன்றைக்கு யார் ஜெயிப்பார் என்று அது சொல்லவே இல்லை. பதினொன்றாம் தரவரிசையில் நுழைந்த அந்த அணி வெண்கலமும், பதினான்காம் இடத்திலிருந்த உஸ்பெகிஸ்தான் தங்கமும் கொண்டுபோனது தனிக்கதை.

சூத்திரத்தை உருவாக்கியவர் அர்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயற்பியல் கற்பித்தவர். உலக செஸ் கூட்டமைப்பு அவருடைய முறையை ஏற்றது 1970-ல். இருவரின் ரேட்டிங் வித்தியாசம் 200 என்றால் வலுவானவர் நான்கில் மூன்று பங்கு புள்ளி எடுப்பார். 400 என்றால் பதினொன்றில் பத்து. ஆடிய பிறகு, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு இருவரின் எண்ணும் திருத்தப்படும். அவ்வளவே. இதன் துல்லியம் பற்றி எலோவுக்கே மயக்கம் கிடையாது: அலைபாயும் நீரில் மிதக்கும் தக்கையின் இடத்தை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்ற வேலை இது என்பார் அவர்.

அந்த ஒலிம்பியாட்டில் முதல் எட்டு ஆட்டங்களையும் குகேஷ் வென்றிருந்தார். அந்த எட்டை மட்டும் வைத்து அவர் எந்த ரேட்டிங்குக்கு ஆடினார் என்று சூத்திரத்தைக் கேட்டால் வரும் விடை முடிவிலி. முழுப் புள்ளி எடுத்தவர் எதிராளிகளைவிட 300 புள்ளி மேலா, 3000 மேலா என்று பிரித்தறிய அதில் வழியில்லை. ஆகவே கூட்டமைப்பு ஒரு நடைமுறை வைத்திருக்கிறது: எதிராளிகளின் சராசரியோடு 800-ஐக் கூட்டி நிறுத்திக்கொள். ஒன்பதாம் சுற்றில் டிரா செய்த பிறகுதான் குகேஷின் எண் உண்மையில் பொருள் பெற்றது. பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றார். 11 ஆட்டங்களில் 9 புள்ளி, ஆட்டத்திறன் 2867, முதல் பலகையில் தங்கம்.

இப்போது குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோவிடம் வருவோம். 49 மோதல், 49 வெற்றி, அவற்றில் 43 நாக் அவுட். 1956-ல் ஓய்வு. உலக ஹெவிவெயிட் சாம்பியன்களில் தொழில்முறை வாழ்க்கை முழுவதும் தோற்காமல் விலகியவர். எட்டு வெற்றிக்கு வந்த அதே சிக்கல் இவருக்கு வாழ்நாள் முழுவதற்கும். இவருடைய வலிமைக்குக் கீழெல்லை சொல்லலாம், மேலெல்லை சொல்ல முடியாது. ஆனாலும் உலகம் விடுவதாக இல்லை: மார்சியானோவும் முகமது அலியும் மோதினால்?

மர்ரி வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் இதைக் கணினியிடம் கேட்டார். குத்துச்சண்டை எழுத்தாளர்களிடம் வேகம், குத்தின் பலம், வலி தாங்கும் திறன் என்று 129 அம்சங்களுக்கு மதிப்பெண் வாங்கி, என்.சி.ஆர். 315 கணினிக்குள் கொட்டினார். முதலில் வானொலியில் ஒரு கற்பனைத் தொடர். அதில் பழைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக ஒலிபரப்பாக, அலி வழக்குப் போட்டார். பிறகு சமரசமாகி, அலியும் மார்சியானோவும் 1969-ல் மயாமியில் ஒரு ஸ்டூடியோவில் ரவுண்டு ரவுண்டாக நடித்தார்கள். மார்சியானோ உடம்பைக் குறைத்து, விக் வைத்து வந்தார். படம் திரைக்கு வருமுன் விமான விபத்தில் இறந்தும் போனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் பதின்மூன்றாம் ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் ஜெயித்தவர் அலி! எலோ முறை உலக அங்கீகாரம் பெற்ற அதே ஆண்டில் கணிப்பு என்ற பெயரில் இப்படியும் ஒரு வியாபாரம். 129 அம்சங்களும் மனிதர்களின் அபிப்பிராயங்கள். இயந்திரம் அவற்றைக் கூட்டிக் கொடுத்தது. வடசென்னை டீக்கடையில் எந்தக் குத்துச்சண்டைப் பரம்பரை வாத்தியார் பெரியவர் என்று நடக்கும் வாதம்கூட இதைவிட நேர்மையானது என்பேன். அங்கே யாரும் கணினியைச் சாட்சிக்கு இழுப்பதில்லை.

நேரில் மோதாத இருவரை ஒப்பிட நியாயமான வழி, இருவரோடும் மோதிய ஒருவரைப் பாலமாகப் பிடிப்பது. ரேட்டிங் முறை முழுதும் இத்தகைய பாலங்களால் ஆனதுதான். மார்சியானோவுக்கும் அலிக்கும் நடுவே ஒரு பாலம் உண்டு: ஆர்ச்சி மூர். 1955 செப்டம்பரில் மார்சியானோவை இரண்டாம் ரவுண்டில் தரையில் விழவைத்தார். ஒன்பதாம் ரவுண்டில் தானே விழுந்தார். அதுவே மார்சியானோவின் கடைசி மோதல். 1962 நவம்பரில் அதே மூரை அலி நான்கே ரவுண்டில் முடித்தார். அப்படியானால் அலிதான் பலசாலியா? இடையில் மூருக்கு ஏழு வயது கூடியிருந்தது, நாற்பதைத் தாண்டிவிட்டார். பாலத்தின் இரு முனைகளிலும் நின்றது ஒரே பெயர். ஒரே உடம்பு அல்ல.

பாலம் உறுதியாக இருந்தாலும் இன்னொரு தொல்லை. கென் நார்ட்டன் 1973-ல் அலியை வென்றார். ஜார்ஜ் ஃபோர்மன் 1974 மார்ச்சில் நார்ட்டனை இரண்டே ரவுண்டில் சுருட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை நாக் அவுட் செய்தார். மூவரையும் ஒரே ஏணியில் எந்த வரிசையில் நிறுத்தினாலும் ஒரு முடிவு முரண்டுபிடிக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் எண் என்ற ஏற்பாடு இந்தச் சுழலைக் காட்டாது. குத்துச்சண்டையில் உயரமும் கைநீளமும் பாணியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அலியின் கை எட்டும் தூரம் மார்சியானோவைவிடச் சுமார் 10 அங்குலம் அதிகம். நெருங்கிப் புகுந்து அடிப்பவரான மார்சியானோவுக்கு அது எவ்வளவு பாதகம் என்பதை மொத்த வெற்றிக் கணக்கிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது. அலி மொத்தம் ஆடியதே 61 மோதல்கள்தான்.

செஸ்ஸுக்கு இங்கே ஓர் அதிர்ஷ்டம். பலகை மாறவில்லை, நகர்வுகள் எழுத்தில் இருக்கின்றன. ஸ்லோவேனியாவின் குயிட், பிராட்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் உலக சாம்பியன்களின் பழைய ஆட்டங்களை ஒரு செஸ் நிரலிடம் கொடுத்து, நகர்வுக்கு நகர்வு தவறு எண்ணினார்கள். குறைந்த தவறு 1942-ல் மறைந்த கபபிளாங்காவுக்கு. எதிராளி யார் என்று கேட்காமலே அளக்கிற முறை இது. எளிய நிலைகளையே தேடி ஆடியவர் அவர் என்பதால் இந்த அளவையும் கேள்வி கேட்டார்கள், அது வேறு. குத்துச்சண்டைக்கோ பழைய படச்சுருள்கள் மட்டுமே. ஒரு குத்து சரியானதா என்று சொல்ல, வாங்கியவரின் தாடைதான் உண்டு.

ஓய்வு பெற்றவரின் எண்ணுக்கு வயதாவதில்லை. முன்னாள் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவ் 2005-ல் விலகியபோது இருந்த 2812 பட்டியலில் அப்படியே உறைந்திருக்கிறது. 2021-ல் ஜாக்ரெபில் மின்னல் வேக ஆட்டங்களில் உட்கார்ந்து 18-க்கு 2.5 எடுத்தார்.

சென்னையும் இப்படி ஒரு காட்சியைப் பார்த்தது. 1980 தொடக்கத்தில் நேரு ஸ்டேடியத்தில், முதல்வர் எம்.ஜி.ஆர். பார்த்திருக்க, அலியும் ஜிம்மி எல்லிஸும் காட்சிப் போட்டி ஆடினார்கள். எல்லிஸ் 1975-லேயே விலகியவர்; அலி முந்தின ஆண்டு ஓய்வை அறிவித்திருந்தார். இருவரும் லூயிவில் நகரத்துக்காரர்கள். அமெச்சூர் நாட்களில் இரண்டு முறை மோதி ஆளுக்கொன்று வென்றவர்கள். 1971-ல் ஹூஸ்டனில் பன்னிரண்டாம் ரவுண்டில் எல்லிஸை அலி நிறுத்தினார். இருவருக்கும் பயிற்சியாளரான ஆஞ்சலோ டண்டி அன்றிரவு எல்லிஸின் மூலையில் நின்றார்.

சென்னையில் கைதட்டல் வாங்கிய அலி, ஓய்வைத் துறந்து அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் முன் நின்றார். வயது 38. முன்பு அலியிடமே பயிற்சித் துணையாக இருந்தவர் ஹோம்ஸ். பத்து ரவுண்டு அடி வாங்கிய பிறகு டண்டி மோதலை நிறுத்தச் சொன்னார். 61 மோதல்களில் அலி முழு ரவுண்டுகளும் முடியாமல் தோற்றது அது ஒன்றில்தான்.