மின்சாரத்துக்கும் முறை வைத்தார்கள்!

மாலை 7 மணி. வீட்டுக்கு வீடு விளக்கு எரிகிறது. மின்விசிறி சுழல்கிறது. அதே நேரத்தில் வயல்களில் உள்ள பம்பு செட்டுகளும் ஒன்றாக ஓடினால் என்ன ஆகும்? விளக்கு மங்கும். மோட்டார் சூடேறும். டிரான்ஸ்பார்மரே எரிந்து போவதும் உண்டு.

5 குதிரை சக்தி மோட்டார் ஓடுவதற்குச் சுமார் 3,700 வாட் மின்சாரம் வேண்டும். அதைக் கொண்டு 9 வாட் பல்புகள் 400 எரிக்கலாம்!

படிக்கிற பிள்ளைக்கு விளக்கு மாலையில்தான் வேண்டும். பயிருக்கு அப்படி அல்ல. மாலையில் பாய வேண்டிய தண்ணீர், மறுநாள் காலையில் பாய்ந்தாலும் போதும். இந்தச் சிறிய உண்மையை வைத்துக் குஜராத் மாநிலத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது.

தனித் தனிப் பாதை

முன்பு அங்கே கிராமத்து வீட்டுக்கும் வயலுக்கும் ஒரே மின்பாதைதான். பம்புகளை நிறுத்த வேண்டுமானால், ஊருக்கு வரும் மும்முனை மின்சாரத்தையே நிறுத்துவார்கள். மாவு மில்லும் சேர்ந்து நின்றுவிடும். விவசாயிகள் பலர், வீட்டு விளக்குக்காக விட்டிருந்த மின்சாரத்தில் கருவி பொருத்தி மோட்டாரை ஓட்டினார்கள். வீட்டு விளக்கு மினுமினுத்தது.

2003-ல் "ஜோதிகிராம்" என்ற திட்டம் தொடங்கியது. வீடுகளுக்கு ஒரு பாதை. பம்புகளுக்கு வேறு பாதை. வீடுகளுக்கு 24 மணி நேரமும் மின்சாரம். பம்புகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம். அதுவும் முன்கூட்டியே சொன்ன நேரத்தில், பகுதி பகுதியாக. வாய்க்காலில் முறைத் தண்ணீர் விடுவது போலத்தான்! 2006-க்குள் திட்டம் ஏறக்குறைய மாநிலம் முழுவதும் பரவியது.

நன்மையும் உண்டு, குறையும் உண்டு

எல்லா பம்புகளும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுப்பது குறைந்தது. வீடுகளில் விளக்கு நின்று எரிந்தது. ஆனால், சொந்தக் கிணறு இல்லாத ஏழைகள் கஷ்டப்பட்டார்கள். அவர்கள் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்குகிறவர்கள். நேரம் குறைந்ததால் விற்கும் தண்ணீரும் குறைந்தது, விலை ஏறியது.

இன்னொரு தொல்லை இரவு முறை. நடு இரவில் மின்சாரம் வந்தால் குடியானவர் இருட்டில் வயலுக்குப் போக வேண்டும். பாம்புக்கும் பயம், ஈரத் தரையில் "ஷாக்"குக்கும் பயம். அதனால் 2020-ல் வேறொரு திட்டம் வந்தது. காலை 5 மணி முதல் இரவு 9 மணிக்குள் பம்புகளுக்கு மின்சாரம் தருவது அதன் நோக்கம்.

வெயிலே விளைச்சல்

கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். அங்கே விவசாயிகள் சிலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வெயிலில் ஓடும் சூரிய பம்புகளை வைத்தார்கள். பம்பு ஓடாத நேரத்தில், மிஞ்சிய மின்சாரத்தை 2016-ல் விற்கத் தொடங்கினார்கள். வீணாகத் தண்ணீர் இறைத்தால் விற்கிற காசு குறையும் அல்லவா? ஆகவே, நிலத்தடி நீரையும் பார்த்துச் செலவழிக்க ஒரு காரணம் கிடைத்தது.

வெயில் இருக்கும்போது வயலுக்குத் தண்ணீர்; இருட்டிய பிறகு வீட்டுக்கு வெளிச்சம். நேரத்தைப் பங்கிட்டால் இரண்டுக்கும் இடம் உண்டு.