கிராமத் தொலைபேசிக்கு ஒரு பொது நிதி

வடபழனி போன்ற இடங்களில் தொலைபேசி நிறுவனங்கள் போட்டியிட்டுச் சேவை அளிக்கின்றன. வருவாய் குறைந்த குக்கிராமங்களுக்கு அவை எளிதில் செல்வதில்லை. இக்குறையை நீக்கவே மத்திய அரசாங்கம் 2002 ஏப்ரல் 1 முதல் ஒரு பொது நிதியை ஏற்படுத்தியது. 2003ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத் திருத்தம் அதற்குச் சட்ட அந்தஸ்து அளித்தது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தால் அது ‘டிஜிட்டல் பாரத் நிதி’ ஆயிற்று. அதன் விதிகள் 2024 ஆகஸ்டில் வெளியாயின.

நிறுவனங்கள் கழிவுகள் போக எஞ்சும் வருவாயில் நூற்றுக்கு 5 வீதம் இதற்குச் செலுத்துகின்றன. நகரத்தார் கட்டணம் கிராமத்துக் கோபுரத்திற்கு உதவுகிறது. கூட்டுறவாளர்க்கு இத்தத்துவம் புதிதன்று.

உதவி பெற்று அமைத்த வசதியைப் பிற நிறுவனங்களுக்கும் பாகுபாடின்றி அளித்தல் வேண்டும் என்பது புதிய விதி. பணம், பணியை ஏற்று நடத்துவோர்க்கே செல்லும். ஆதலின், ‘மானியம் பெற்றுத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்போரிடம் அங்கத்தினர்கள் ஏமாறலாகாது.