விலையைக் குறைப்பதா, வாடிக்கையைப் பெருக்குவதா?

பக்கத்தில் ஒரு பெரிய அங்காடி திறந்ததும் சிறு மளிகைக் கடைக்காரர் முதலில் செய்வது விலையைக் குறைப்பதுதான். அது நமக்குக் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு ரூபாய் சரக்கில் நமக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்து ரூபாயைத் தள்ளுபடியாகக் கொடுத்தால், பழைய லாபத்தைக் காண இரு மடங்கு சரக்கு விற்றாக வேண்டும். நாலு தெருவை நம்பி நடக்கும் கடையில் இது நடக்கிற காரியமா? கம்பெனியிடமே லாரிக் கணக்கில் கொள்முதல் செய்பவரோடு விலையில் மோதினால் நம் கைமுதல்தான் கரையும்.

பெரிய நிறுவனத்தையே மலிவு விலை மட்டும் காப்பாற்றிவிடுவதில்லை. 1997-இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, தள்ளுபடியையே விளம்பரமாகக் கொண்டு நாடெங்கும் சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்தது. கடனை நம்பி வேகமாகக் கிளை பரப்பியதில் ரொக்கம் வறண்டு, 2009-இல் கடைகள் மூடப்பட்டன. கூட்டம் வந்தால் மட்டும் போதாது, கல்லாவில் பணம் நிற்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

அப்படியானால் நம் பலம் எது? வாடிக்கையாளரின் முகமும் வீடும் நமக்குத் தெரியும். 2020 ஊரடங்கின்போது மக்கள் பலரும் நாடியது தெரு முனை மளிகைக் கடையைத்தான். இந்தப் பழக்கத்தை வியாபாரமாக்கச் சில வழிகள்:

1. மாதச் சிட்டை: வாடிக்கைக் குடும்பங்களின் மாதச் சாமான் பட்டியலை நோட்டில் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ, "போன மாதம் போலவே கட்டி வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர்கள் வேறு கடையை நினைக்கும் முன் ஆர்டர் நம் கைக்கு வந்துவிடும்.

2. நாள் பார்த்துச் சரக்கு: ஆயுத பூஜைக்குப் பொரி, கார்த்திகைக்கு நெல்பொரி, பொங்கலுக்குப் பச்சரிசி, வெல்லம். ஒரு வாரம் முன்பே கடை வாசலில் எழுதிப் போடுங்கள்.

3. சில்லறை எடை: பாக்கெட் சரக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். நூறு கிராம் மிளகு, கால் கிலோ உளுந்து எனத் தரமாகப் பொறுக்கி எடுத்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே நிறுத்துக் கொடுங்கள். தராசில் முத்திரை நடப்பில் இருக்கட்டும்.

4. வீட்டுக்கு அனுப்புதல்: பெருநகரங்களில் சில நிமிடங்களில் சாமான் கொண்டுவரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. அவர்களோடு ஓட வேண்டாம். காலை 11 மணி, மாலை 6 மணி என நேரம் குறித்து, பல வீட்டுச் சாமானை ஒரே நடையில் அனுப்புங்கள். செலவு குறையும், சொன்ன நேரம் தவறக் கூடாது.

5. கடனுக்கு வரம்பு: கணக்குக் கொடுப்பது வாடிக்கையை வளர்க்கும், அளவு மீறினால் கடையையே முடக்கும். மேலே சொன்ன லாப விகிதத்தில், ஆயிரம் ரூபாய் வாராக் கடனை ஈடுகட்டப் பத்தாயிரம் ரூபாய்க்கு வியாபாரம் செய்ய வேண்டும். தொகையையும் தவணைத் தேதியையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வரும் முதல் தேதிக்குள் முப்பது குடும்பங்களின் சிட்டையை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நின்றுபோனவர்களிடம் காரணம் கேளுங்கள். அந்தக் குறையைச் சரிசெய்வதே அடுத்த மாதத்தின் முதல் வேலை.