சிறிய இணைப்புச் சொல், பெரிய பொறுப்பு

‘அண்ட்’, ‘ஆர்’, ‘பட்’, ‘இஃப்’, ‘அன்லெஸ்’ ஆகிய ஆங்கில இணைப்புச் சொற்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம்; தேர்வு முடிந்ததும் மறந்தோம். வங்கிப் படிவத்திலோ, பணம் யார் கைக்குச் செல்லும் என்பதை இச்சிறு சொற்களே தீர்மானிக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளைக்கு முதிய அம்மையார் ஒருவர் பதற்றத்துடன் வந்தார். கணவர் மருத்துவமனையில் இருந்தார். இருவர் பெயரிலும் இருந்த சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டும். கணக்கிலோ ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்று பதிவாகியிருந்தது.

இம்மூன்று சொற்களுக்குள் இரண்டு வாக்கியங்கள் உள்ளன. முதலில் பெயருள்ளவர் வாழும்வரை அவரே கணக்கை இயக்குவார். அவர் மறைந்தால் எஞ்சியவர் இயக்குவார். “என் பெயரும் இருக்கிறதே, ஐயா?” என்று கேட்டார் அம்மையார். விதியைத் தவிர வேறு விடை எங்களிடம் இல்லை. அலுவலர் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்று, சாட்சிகள் முன்னிலையில் கணவரின் கைரேகையைப் பெற்று வந்த பின்னரே பணம் வழங்க முடிந்தது. ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்றிருந்தால் அவருடைய கையொப்பமே போதுமானதாக இருந்திருக்கும். ‘ஜாயின்ட்லி’ என்றால் அனைவரும் கையொப்பமிட வேண்டும். ‘அண்ட்’ என்பதன் பொருளும் அதுவே.

தமிழில் ‘வந்தால்’, ‘அப்பாவும் அம்மாவும்’ என்று இணைப்பு சொல்லின் இறுதியிலேயே ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக நிற்பதால், பெரிய சொற்களைத் தேடும் நம் கண் அதைத் தாண்டிவிடுகிறது.

‘அன்லெஸ்’ என்பதில் இன்னும் கவனம் தேவை. அதற்குள்ளேயே எதிர்மறை அடங்கியுள்ளது. ‘அன்லெஸ் யூ இன்ஃபார்ம் அஸ், த டெபாசிட் வில் பி ரின்யூட்’ என்றால், ‘நீங்கள் தெரிவிக்காவிட்டால் வைப்புத்தொகை புதுப்பிக்கப்படும்’ என்று பொருள். ‘தெரிவித்தால்’ என்று படிப்பவர், தாம் பேசாமலிருந்தால் பணம் கைக்கு வரும் என எண்ணிக் காத்திருப்பார்.

காசோலையில் பெறுபவர் பெயரை அடுத்து அச்சிட்டிருக்கும் ‘ஆர் பேரர்’ என்பதும் அத்தகையதே. ‘அல்லது கொண்டுவருபவர்’ என்று அது எவருக்கும் வழிவிடுகிறது. அச்சொற்களை அடித்துவிட்டால் அவ்வழி அடைபடும். பெறுபவர் இன்னார் என உறுதிசெய்த பின்னரே வங்கி பணம் வழங்கும்.

ஆகவே, வாடிக்கையாளர்களே, இன்று மாலை உங்கள் பாஸ் புத்தகத்தை எடுத்து, கணக்கை இயக்கும் முறை என்ன என்று பாருங்கள். ஐயமிருந்தால் கிளையில் கேளுங்கள். கணக்குதாரர்கள் அனைவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். இருவரும் கையொப்பமிடும் நலத்துடன் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நன்று.